தள்ளாத கை

"சாதனை என்பது நம்மிடம்..." என்று சைக்கிள் சங்கத் தலைவர் பரிசு கொடுக்கும்போது ஏதோ சொன்னார். மைக் கீச்சிட்டதில் மீதி அருளப்பன் காதில் விழவில்லை. விழுந்தவரை போதும் என்று கோப்பையை வாங்கிக்கொண்டான்.

அதற்குப் பிறகு பத்தொன்பது வருடம். பந்தயத் தடத்தில் ஆயிரம் மீட்டர் சைக்கிள் ஓட்டத்துக்கு அந்தக் குட்டித் தீவு நாட்டின் தேசிய சாதனை இன்னும் அவன் பெயரில்தான் இருந்தது.

வரும் ஞாயிற்றுக்கிழமை தபால்காரன் ஜெரோம் அதை முறியடிக்கப் பார்க்கிறான். புறப்படும்வரை சைக்கிள் சாயாமல் அவனைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். ஆள் இல்லாவிட்டால் ஓட்டமும் இல்லை.

"நான்தானா கிடைச்சேன், கோச்?"

எஸ்தர் அவனைவிடப் பத்து வயது இளையவள். இந்த வயதிலும் அவனுக்குச் சைக்கிள் பயிற்சி தருபவள். சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இந்த வேலை தெரிஞ்சவங்க நாட்டிலேயே மூணு பேர், அண்ணே. ஒருத்தர் கையில மாவுக்கட்டு. ஓட்டத்தைத் தொடங்கி வைக்கத் துப்பாக்கி சுடுறது நான். மிச்சத்தை நீங்களே எண்ணிக்கோங்க."

"என் சாதனையை உடைக்க நானே ஆள் பிடிக்கணும்."

"ஆளைப் பிடிக்கணும். அவ்வளவுதான்."

அவள் சுவரைப் பிடித்தபடி சைக்கிளில் ஏறினாள். காலணிகள் மிதிகளில் 'டக்' என்று பூட்டிக்கொண்டன. இனி காலை ஊன்ற முடியாது.

"பிடிங்க."

இருக்கையைப் பிடித்தான்.

"தள்ளாதீங்க."

"தள்ளலை."

"தள்ளினா செல்லாது. விட்டா விழுந்துடுவேன்."

"தெரியும், கோச்."

அவள் முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். சைக்கிள் இடப்பக்கம் சாய்ந்தது, நிமிர்த்தினான். வலப்பக்கம் சாய்ந்தது. ஒரு நிமிடத்தில் முன்கை கடுக்கத் தொடங்கியது.

"எறங்கலையா?"

"இன்னும் சுடலையே."

கொஞ்சம் பொறுத்து, திரும்பாமலே கேட்டாள்.

"சாதனை பண்ண அன்னிக்கு உங்களைப் பிடிச்சது யாரு?"

கடைசிச் சுற்றின் மணி, தொண்டையில் ஏறிய புளிப்பு, பலகையில் விழுந்த எண்கள் எல்லாம் அவனுக்கு நினைவிருந்தன.

"தெரியலை. பின்னால நின்னாரு."

"முகம்?"

"பார்க்கலை."

வியர்வை அவன் முழங்கையிலிருந்து சொட்டியது.

"துப்பாக்கி ரெண்டு தடவை வெடிக்கலை, கோச்," என்றான் மெதுவாக. "நாலு நிமிஷம் இருக்கும். நான் அவசரத்துல அப்படியும் இப்படியும் ஆடினேன். அந்தக் கை ஆடவே இல்லை."

எஸ்தர் இறங்கவில்லை.

அருளப்பன் காலை அகட்டி நின்று, இரண்டு கையாலும் பிடித்தான்.

"ஜெரோமை நாளைக்கே வரச் சொல்லுங்க," என்றான். "பிடிச்சுப் பழக எனக்கு நாலு நாளாவது வேணும்."