எலுமிச்சை அளவு

"சாமி, ஊசியை நிறுத்திடட்டுமா?"

வந்ததும் வராததுமாகச் செங்கமலம் கேட்டாள். வாராவாரம் மடத்துக்கு வருகிறவள்தான். இன்றைக்கு உட்காரக்கூடப் பொறுமையில்லை. பக்கத்தில் மகள் ஆதிரை, எட்டு வயசு.

மடத்துச் சாமியார், பூஜைக்கு வந்த எலுமிச்சம்பழங்களைத் துடைத்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"எந்த ஊசி?"

"இவ மூட்டுவாதத்துக்குப் போடறதுதான் சாமி. குழந்தைக்குப் போய் மூட்டுவாதமான்னு ஊரே சிரிக்குது. மூணு வருஷமா வாரம் ஒரு ஊசி. பஸ், ஆஸ்பத்திரி வரிசை, போட்ட அன்னைக்கெல்லாம் வாந்தி. அலுத்துப்போச்சு. இப்பத்தான் முழங்கால் வீக்கம் வத்திடுச்சே, ஓடுறா, ஆடுறா."

"டாக்டர் என்ன சொல்றார்?"

"நிறுத்தக்கூடாதுங்கறார். அவருக்கென்ன! இவ கதறக் கதறப் பிடிச்சுக்கிறது நான்தானே?"

சாமி குழந்தையைப் பார்த்தார்.

"வலிக்குதா தாயி?"

"இல்லை."

"கேட்டுக்கிட்டீங்களா?" என்றாள் செங்கமலம். "வலியெல்லாம் இல்லை, திமிர்தான் கூடிப்போச்சு. கும்பிடச் சொன்னா விரல் நுனியை மட்டும் ஒட்டவச்சுக்கிட்டு நிக்கிறா. நேத்துக் கோயில்ல எல்லார் முன்னாலயும் ஒண்ணு வச்சேன்."

சாமி துடைப்பதை நிறுத்தினார்.

"எனக்கு ஒரு கும்பிடு போடு, பார்ப்போம்."

ஆதிரை கையைத் தூக்கினாள். விரல் நுனிகள் ஒட்டின. உள்ளங்கைகள் ஒட்டவில்லை.

"பாருங்க, உங்க முன்னாலயே!"

சாமி ஒரு பழத்தை எடுத்து அந்த உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது.

"இப்ப எடுத்துடறேன். கையைச் சேர்."

எடுத்தார். ஆதிரை உதட்டைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். முழங்கைகள் நடுங்கின. பழம் இருந்த இடம் அப்படியே இருந்தது.

"இவ்வளவுதான் சாமி வரும்."

செங்கமலம் மகளின் மணிக்கட்டைப் பிடித்துத் தடவிப் பார்த்தாள். மூன்று வருஷமாக முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தவள்.

"ஏன்டி என்கிட்டச் சொல்லலை?"

"வலிக்குதான்னுதானே கேப்பே? வலிக்கலைம்மா. மடங்கலை."

அதற்குமேல் அங்கே நிற்கச் செங்கமலத்தால் முடியவில்லை. விடைபெறக் கும்பிட்டாள். உள்ளங்கை இரண்டும் தாமாகவே ஒட்டிக்கொண்டன. அதைப் பார்த்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"சாமி, அந்த ஊசி..."

சாமி அந்தப் பழத்தை அவள் கையில் கொடுத்தார்.

"போட்டுட்டு வர்றப்ப வாந்தி வந்தா, மோந்துக்கட்டும்."