டைல்ஸ் பிட் போன ஆழம்

முன்பொரு நாள், சுவரில் துளை போட்டுப் பொருத்தும் வேலை செய்யும் ஜெபராஜின் டிரில் பெட்டிக்குள், டிரில்லின் முனையில் மாட்டும் நாலு பிட்டுகள் குடியிருந்தன. மரப் பிட், இரும்புப் பிட், கான்கிரீட் பிட், ஈட்டி முனையோடு ஒல்லியாக ஒரு டைல்ஸ் பிட். இவற்றில் கான்கிரீட் பிட்டுக்கு வாய் நீளம்.

“நான் சுவருக்குள்ள நாலு இஞ்ச் போவேன். நீ எவ்வளவு போவே?” என்று டைல்ஸ் பிட்டைச் சீண்டும்.

“டைல்ஸ் கனம் வரைக்கும்.”

“அதுக்குன்னு தனியா ஒரு பிட்டா!”

மற்ற இரண்டும் சிரிக்கும். டைல்ஸ் பிட்டுக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும்.

அன்று தில்லைநாயகி அம்மாளின் குளியலறையில் வேலை. வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர், மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புகிறார். அவர் பிடித்து எழுவதற்குச் சுவரில் நாலு திருகு போட்டு ஒரு கைப்பிடி மாட்ட வேண்டும். சீக்கிரம் முடிக்கும் நினைப்பில் ஜெபராஜ் கான்கிரீட் பிட்டை மாட்டி, இடித்துக்கொண்டே துளைக்கும் ஹேமர் சுவிட்சையும் போட்டு அழுத்தினார். படீர்! டைல்ஸ் குறுக்கே பிளந்தது.

“ஐயோ, அம்மா கைக்கு எட்டுற எடத்துல இனி இந்த ஒரு டைல்ஸ்தான் இருக்கு,” என்றாள் மகள் கோமளா. “இதுவும் ஒடைஞ்சா கைப்பிடி எதுல நிக்கும்?”

“என் தப்புதாம்மா. இது ஒடையாது,” என்றார் ஜெபராஜ். முனை வழுக்காமலிருக்க டைல்ஸ் மேல் டேப்பைக் குறுக்காக ஒட்டினார். ஹேமரை அணைத்தார். டைல்ஸ் பிட்டை மாட்டினார்.

‘ஒரு கீறல்கூட விழ விடமாட்டேன்’ என்று அது பல்லைக் கடித்துக்கொண்டது. கோமளா சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட, நிதானமாகச் சுற்றியது. முனை சுட்டது. விடவில்லை. வெள்ளைச் சேறு வழிந்து, கடைசியில் சிவப்பாகச் செங்கல் தூள் எட்டிப் பார்த்தது.

இன்னும் கொஞ்சம் உள்ளே போய்க் காட்டிவிடலாமா என்று ஒரு கணம் அதற்கு ஆசை. ஆனால் செங்கல்லில் முனை மழுங்கிப்போனால் மிச்ச மூன்று துளைகளை யார் போடுவது? ஆசையை அடக்கிக்கொண்டு நின்றது.

டைல்ஸில் நாலு துளையும் முடிந்த பிறகு, அவற்றின் வழியாகச் சுவருக்குள் ஆழமாகப் போகக் கான்கிரீட் பிட்டின் முறை வந்தது. முதல் தடவையாக அதன் குரல் நடுங்கியது.

“ஓரத்துல பட்டா மறுபடியும் ஒடைஞ்சிடுமே?”

“படாது. உனக்கு எடம் விட்டுத்தான் போட்டிருக்கேன். தைரியமா போ.”

மறுநாள் கைப்பிடியைச் சரிபார்க்க ஜெபராஜ் பெட்டியோடு வந்தார். தில்லைநாயகி அம்மாள் அதை இறுகப் பற்றி, மூச்சு வாங்க, மெல்ல எழுந்தார்.

“இருந்தாலும் நீ போனது வெறும் டைல்ஸ் கனம்தானே?” என்றது இரும்புப் பிட், பழைய பழக்கத்தில்.

கான்கிரீட் பிட் முந்திக்கொண்டது. “சும்மா இரு. அம்மா எழுந்து நின்னுட்டாங்க இல்ல? அந்த ஆழம் போதும்.”