இருபத்து மூன்று பேர் சரி என்ற விடை

ஒரு காட்டில் இருபத்து மூன்று விலங்குகள் ஒரே கணக்கைத் தப்பாகப் போட்டன. அதனால் முயல் செத்துப்போனது. நடந்ததைச் சொல்கிறேன், குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

அந்தக் காட்டுக் கல்லூரியில் கரடி வாத்தியார் இயற்கணிதம் நடத்தினார். எண்ணே வராத இயற்கணிதம். ஒரு செய்கை, அதன்மேல் இன்னொரு செய்கை, பிறகு இரண்டையும் இல்லாமல் ஆக்குவது எப்படி என்று போகும். வீட்டுக்கு ஒரு கணக்குக் கொடுத்தார். முதலில் ‘அ’ செய்தாய். அடுத்து ‘ஆ’ செய்தாய். பழைய நிலைக்கு வர எதை முதலில் நீக்குவாய்?

மாணவர்களுக்குச் செல்போனில் ஒரு குழு இருந்தது. ஒருவருக்கொருவர் உதவத்தான் அதைத் தொடங்கினார்கள்.

குரங்கு கேள்வியைப் பாதி படித்ததுமே விடை போட்டது. முதலில் செய்ததை முதலில் நீக்கு என்றது. ‘சரி, சரி’ என்று வரிசையாக வந்து விழுந்தது. போட்டுப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

தேவாங்கு மட்டும் ஒரு கொட்டையை இலையால் மூடி, இலைமேல் கல்லை வைத்துப் பார்த்தது. கல்லை எடுக்காமல் இலை வரவில்லை. கடைசியில் செய்ததைத்தான் முதலில் நீக்க வேண்டும் என்று எழுதியது.

“தேவாங்கு அண்ணாச்சி இப்போதுதான் கண் விழித்திருக்கிறார்,” என்றது குரங்கு. “நாங்கள் இத்தனை பேர் சொல்கிறோம். நீர் ஒருத்தர். போய்த் தூங்கும்.”

எல்லாம் சிரித்தன. முயலுக்கு மட்டும் சந்தேகம். எதுதான் சரி என்று கேட்டது.

“கூட்டம் எங்கே நிற்கிறதோ அங்கே நில், தங்கச்சி,” என்றது குரங்கு.

முயலும் அப்படியே பார்த்து எழுதிக்கொண்டது.

மறுநாள் காலை புல் மேயப் போன முயலின் கழுத்து கண்ணியில் மாட்டியது. வேடன் முதலில் கம்பிச் சுருக்கை விரித்திருந்தான். பிறகு அதை வளைத்த மூங்கிலோடு கயிற்றால் கட்டியிருந்தான். மூங்கில் நிமிரப் பார்த்தது, சுருக்கு இறுகியது.

கூடப் போன கீரி படம் எடுத்துக் குழுவில் போட்டு, எதை முதலில் எடுப்பது என்று கேட்டது. முந்தின நாள் விடையே வந்தது. முதலில் போட்டது சுருக்கு, முதலில் அதை எடு. கயிற்றைக் கடி என்று தேவாங்கு எழுதியது. நாற்பது பதிலுக்கு நடுவே அதை யார் பார்ப்பது? போனை மரத்திலேயே விட்டுவிட்டுத் தேவாங்கு இறங்கி நடந்தது. அதன் ஆமை நடை உங்களுக்குத் தெரியும்.

கீரி சுருக்கைப் பிடித்து இழுத்தது.

“அண்ணே, இறுகுது,” என்றது முயல்.

கீரி அதையும் குழுவில் கேட்டது. இன்னும் பலமாக இழு என்றார்கள். இழுத்தது. அதற்குப் பிறகு முயல் பேசவில்லை.

பதறிப் பின்வாங்கிய கீரியின் கால் பக்கத்துக் கண்ணியில் சிக்கியது. கயிறு வாய்க்கு எட்டவில்லை. குழுவில் கேட்டது. மறுபடியும் அதே விடை. கீரி முயலைப் பார்த்தது. சுருக்கைத் தொடவில்லை. தூரத்தில் வேடனின் நாய் குரைத்தது.

புதரை விலக்கிக்கொண்டு ஒன்று வந்தது. சுருக்கின் பக்கமே போகவில்லை. மூங்கிலில் கட்டிய கயிற்றைக் கடித்தது. மூங்கில் விருட்டென்று நிமிர்ந்தது, சுருக்கு தளர்ந்தது, கீரி காலை உருவிக்கொண்டது.

வந்தது தேவாங்கு.

நீதி: எத்தனை பேர் பார்த்து எழுதினாலும் தப்பு விடை சரியாகிவிடாது.