மூன்றாவது பீரியட் நீச்சல்

நீலாயி என்ற நீர்நாய், காட்டுத் தொடக்கப் பள்ளியில் நீச்சல் டீச்சர். ஆனால் பள்ளி திறந்து இரண்டு மாதமாகியும் ஒரு பிள்ளையைக்கூட அவளால் தண்ணீரில் இறக்க முடியவில்லை.

பள்ளி ஓடைக்கு அக்கரையில், ஒரு சின்ன மேட்டின் மேல் இருந்தது. முயல், அணில், மான், முள்ளம்பன்றி என்று எல்லா வீட்டுப் பிள்ளைகளும் இக்கரையிலிருந்து கல்லுக்குக் கல் தாவிப் பள்ளிக்குப் போவார்கள். மழைக்காலம் வந்தால் அதே ஓடை காட்டாறாகிவிடும். போன வருஷம் இரண்டு முள்ளம்பன்றிக் குட்டிகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. மூங்கில் புதரில் சிக்கியதால் பிழைத்தார்கள். அதற்குப் பிறகுதான் காட்டுச் சபை கூடி, வாரத்துக்கு நாலு பீரியட் நீச்சல் என்று கால அட்டவணையில் எழுதி மாட்டியது.

மாட்டியதோடு சரி!

"டீச்சர், இன்னைக்கு ஒரு நாள் மட்டும் உங்க பீரியடை எனக்குக் குடுங்க! ஏழாம் வாய்ப்பாடு பாதியில நிக்குது!" என்பார் தலைமையாசிரியர் உக்கிரபாண்டி. அவர் ஓர் உடும்பு. கணக்கு வாத்தியாரும் அவரேதான்.

"நேத்தும் இதையேதானே சார் சொன்னீங்க?"

"நேத்து ஆறாம் வாய்ப்பாடு!"

பேச்சு அதோடு முடிந்துவிடும். உடும்புக்கு நீச்சல் பிறவியிலேயே வரும். தனக்குச் சும்மா வந்த ஒன்றைப் பாடம் என்று ஒப்புக்கொள்ள அவருக்கு மனசே வரவில்லை. பிள்ளைகளோ நாளுக்கு நாலு பீரியட் கணக்குப் போட்டு, நாலாவதில் உட்கார்ந்தபடியே தூங்கினார்கள்.

ஒருநாள் கடிதம் வந்தது. வருகிற புதன்கிழமை ஆய்வாளர் அம்மா வருகிறாராம்!

பள்ளியே தலைகீழானது. அட்டவணையின் தூசி தட்டப்பட்டது. புதன்கிழமை மரங்கொத்தி மூன்றாவது மணி அடித்ததும், உக்கிரபாண்டி தேனாகக் குழைந்தார். "டீச்சர், பிள்ளைங்களைத் தண்ணிக்குக் கூட்டிட்டுப் போங்க!"

அன்றுதான் பிள்ளைகள் முதல்முறையாகத் தண்ணீரில் இறங்கினார்கள். ஒரு முயல்குட்டி மூன்று நொடி மிதந்தேவிட்டது! நீலாயிக்குக் கண் கலங்கிவிட்டது. இருவாச்சிப் பறவையான ஆய்வாளர் அம்மா கிளையில் உட்கார்ந்து, "அட்டவணைப்படி நடக்கிறது, திருப்தி" என்று எழுதிக்கொண்டு பறந்துபோனார்.

மறுநாள் மூன்றாவது பீரியட்? வேறென்ன, கணக்குதான்!

நீலாயிக்கு வந்த கோபத்தில் அன்றே இரண்டு மலை ஏறி இறங்கி, ஆய்வாளர் அம்மாவின் மரத்தடியில் போய் நின்றாள்.

"நீச்சல் நடக்கவே இல்லைங்கறியா? நான் என் கண்ணால பார்த்தேனே!" என்றார் ஆய்வாளர் அம்மா.

"நீங்க வர்ற அன்னைக்கு மட்டும்தாம்மா நடக்குது! மழைக்கு இன்னும் மூணு மாசம்தான் இருக்கு. என் பிள்ளைங்களுக்குக் கை வீசக்கூடத் தெரியாது."

ஆய்வாளர் அம்மாவுக்கு முகம் சுருங்கிப்போனது. "அப்ப நான் போட்ட கையெழுத்தெல்லாம் வீணா? நான் என்ன செய்யணும், சொல்லு."

"ஒண்ணும் செய்ய வேண்டாம். நாள் சொல்லாம வாங்க, போதும்!"

அடுத்த வாரமே பள்ளிக்கு ஒரு கடிதம் வந்தது. "மழைக்காலம் முடிவதற்குள் ஒரு நாள் வருவேன். எந்த நாள் என்று சொல்லமாட்டேன்."

படித்ததும் உக்கிரபாண்டியின் வால் நடுங்கியது. திங்கட்கிழமை வானத்தைப் பார்த்தார். "டீச்சர், எதுக்கு வம்பு? நீச்சலுக்குப் போங்க!" செவ்வாய்க்கிழமையும் பார்த்தார். புதன்கிழமை கொஞ்சம் துணிச்சல் வந்தது.

"இன்னைக்கா வரப்போறாங்க? எல்லாரும் வாய்ப்பாட்டை எடுங்க!"

சொல்லி வாய் மூடவில்லை, தலைக்கு மேல் பெரிய நிழல் ஒன்று ஓடியது.

"நீச்சல்! நீச்சல்! ஓடுங்க, ஓடுங்க!" என்று அலறினார். பறந்துபோனது வெறும் பருந்து. ஆனாலும் அதன் பிறகு அவர் அந்த ஆட்டத்துக்கே போகவில்லை.

வாரத்துக்கு நாலு பீரியட், ஒன்றுகூடத் தப்பவில்லை! நீலாயி விட்டேனா பார் என்று சொல்லிக்கொடுத்தாள். "தண்ணியோட மல்லுக்கட்டாதீங்க! அது போற பக்கமே சாஞ்சு சாஞ்சு கரைக்கு வாங்க!" அணில்கள் தேறின. மான்கள் தேறின. தொட்டாற்சிணுங்கியான முள்ளம்பன்றிகளும் தேறிவிட்டன. அதைவிட அதிசயம், தண்ணீரில் ஆடிவிட்டு வந்த பிள்ளைகள் கணக்கு வகுப்பில் தூங்கவே இல்லை. ஏழாம் வாய்ப்பாடு கடகடவென்று வந்தது. உக்கிரபாண்டி தாடையைச் சொறிந்துகொண்டார்.

ஐப்பசி பிறந்தது. ஒரு மத்தியானம், பள்ளி நடந்துகொண்டிருக்கும்போதே மலையில் பேய்மழை கொட்டியது. ஓடை செந்நிறமாகப் பொங்கி மேட்டைச் சுற்றி வளைத்தது. தண்ணீர் வகுப்பறை வாசலுக்கே வந்துவிட்டது. இக்கரையில் தாய்மார்கள் கதறினார்கள்.

"ஐயோ, பிள்ளைங்களை எப்படிக் கரை சேர்க்கிறது?" என்று உக்கிரபாண்டி கைகால் ஓடாமல் நின்றார்.

"அவங்களே சேர்ந்துடுவாங்க சார்!" என்றாள் நீலாயி. "பிள்ளைங்களா, இறங்குங்க! சாஞ்சு சாஞ்சு!"

பிள்ளைகள் ஒவ்வொருவராக வெள்ளத்தில் இறங்கினார்கள். நீலாயி முன்னால் போனாள். உக்கிரபாண்டி கடைசியாக வந்தார். வெள்ளம் இழுத்தது. பிள்ளைகள் அதன் போக்கிலேயே சாய்ந்து, சின்னச் சின்னத் தலைகளாக மிதந்து, கரையேறினார்கள்!

உக்கிரபாண்டி கரைக்கு வந்ததும் முதல் வேலையாக எண்ண ஆரம்பித்தார். இருபத்தாறு வரை வந்தபோது எண்ணிக்கை தவறிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்.

"இருபத்தேழு! இருபத்தேழும் இருக்கு டீச்சர்! ஒண்ணுகூடக் குறையலை!"

தாய்மார்கள் பிள்ளைகளை வாரி அணைத்துக்கொண்டார்கள். முயல்களும் மான்களும் நீலாயியைத் தோளில் தூக்கிக்கொண்டு கூத்தாடினார்கள். அந்த ஆரவாரத்தில், மருதமரக் கிளையில் ஆய்வாளர் அம்மா வந்து உட்கார்ந்ததை உக்கிரபாண்டி கவனிக்கவே இல்லை.

"என்ன சார், அடுத்த தடவை நாள் சொல்லிட்டே வரட்டுமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார் ஆய்வாளர் அம்மா.

உக்கிரபாண்டி நீலாயியைப் பார்த்துத் தலை குனிந்து கும்பிட்டார். பிறகு கிளையை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க வந்தாலும் சரி, வராட்டாலும் சரிம்மா! இனிமே மூணாவது பீரியட் நீச்சல்தான்!"

பார்க்க ஒருவர் வரும் நாளில் மட்டும் நடக்கும் பாடம் ஏட்டோடு நின்றுவிடும். யாரும் பார்க்காத நாளிலும் ஒழுங்காக நடக்கும் பாடமே பிள்ளைகளைக் கரை சேர்க்கும்.