பரிசல்துறையில் நனையாத பள்ளம்

பரிசல்துறை என்ற அந்த ஊரில் பரிசலும் கிடையாது, துறையும் கிடையாது. ஊரை ஒட்டி அகலமாக ஒரு பள்ளம் மட்டும் காய்ந்து கிடந்தது. அதில் ஆடு மேய்ந்தது.

அரசரின் முப்பாட்டனார் மலையடியில் அணை கட்டி, ஆற்றைத் தலைநகருக்குத் திருப்பிக்கொண்டவர். ஆறு ஓடிய ஊருக்கு நீரில் பங்கு உண்டு என்பது அந்த நாட்டின் வழக்கம். பரிசல்துறைக்காரர்கள் தங்கள் பங்கைக் கேட்டார்கள். அங்கே ஆறு ஓடியதே இல்லை என்றது அரண்மனை வரலாறு. அரண்மனை வரலாறு வேறு என்ன சொல்லும்?

பழைய நிலத்தைப் படமாக வரைந்து முத்திரை வைக்கும் உரிமை அல்லியம்மையின் பள்ளிக்கு இருந்தது. அம்மை இந்த வேலையைத் தன் சீடர் சேந்தனிடம் கொடுத்தார். சேந்தன் அம்மையைவிட வயதில் மூத்தவர். உப்பு வியாபாரத்தை விட்டுவிட்டுப் படம் வரையக் கற்க வந்தவர். அவருக்கு முத்திரை கிடைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இடுப்பில் முடிந்துவைத்து, இருக்கிறதா என்று அடிக்கொருதரம் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

அம்மையும் கூடவே வந்தார். சேந்தன் பள்ளத்தைச் சல்லடை போட்டுத் தேடினார். ஒரு படிக்கட்டுகூட இல்லை. இருந்த கல்லையெல்லாம் அந்தக் காலத்திலேயே அணை கட்ட எடுத்துப்போய்விட்டார்கள் என்றார்கள் ஊர்க்காரர்கள்.

“அம்மா, ஒண்ணும் மிஞ்சல. இல்லாத ஆத்தை எப்படி வரையிறது?”

“மண்ணையே பார்த்துக்கிட்டு இருக்கீங்க. கொஞ்சம் மனுஷங்களைப் பாருங்க,” என்றார் அம்மை.

சேந்தன் எரிச்சலோடு மர நிழலில் உட்கார்ந்தார். புல்லுக்கட்டோடு ஒருத்தி வந்தாள். பள்ளத்தில் ஓரிடம் வந்ததும் புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். மறுபக்கம் ஏறியதும் இறக்கிவிட்டாள். அடுத்து வந்தவர் வேட்டியை மடித்துக் கட்டினார். அதே இடம்தான். பிள்ளையை நடத்திக் கூட்டிவந்தவள் அங்கே வந்ததும் அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

ஏன் தூக்கினாய் என்று சேந்தன் அவளிடம் கேட்டார். அவளுக்குக் கேள்வியே புரியவில்லை.

“இங்க தூக்கித்தான் போவோம். எங்கம்மாவும் அப்படித்தான் போகும்,” என்றாள்.

சேந்தன் துள்ளி எழுந்தார். தூக்கிய இடத்தில் ஒரு குச்சி நட்டார், இறக்கிய இடத்தில் ஒரு குச்சி. பள்ளத்தைக் கடக்கும் பாதை ஒவ்வொன்றிலும் இப்படியே நட்டுக்கொண்டு போனார். குச்சிகளைக் கோடு போட்டுச் சேர்த்தபோது இரண்டு கரையும் வளைந்து நெளிந்து ஓலையில் வந்து நின்றன. உப்பு விற்ற காலத்தில் ஒருநாளும் அவருக்கு இவ்வளவு சந்தோஷம் கிடைத்ததில்லை.

மறுநாள் காலையில் அக்கரையிலிருந்து அரண்மனை அதிகாரி, அந்தப் பக்கத்து ஆட்கள் சுமந்த பல்லக்கில் வந்தார். பள்ளத்தின் நடுவே பல்லக்கு சட்டென்று உயர்ந்தது. உள்ளே தலை இடித்த சத்தம் கேட்டது. தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டே இறங்கியவர், அரண்மனையில் வரைந்த படத்தை நீட்டினார். அதில் ஆறு இல்லை. ஊர்ப் பெயர் கரட்டுமேடு என்று மாறியிருந்தது.

“முத்திரையை வையும்,” என்றார்.

சேந்தனின் கை இடுப்பு முடிச்சுக்குப் போனது. மறுத்தால் முத்திரை போய்விடும். வைத்தால் இந்த ஊரின் தண்ணீர் போய்விடும். அம்மையைத் திரும்பிப் பார்த்தார். அம்மை வேண்டுமென்றே வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, வர்ற வழியில தலை இடிச்சுதே,” என்றார் சேந்தன்.

“பள்ளம். குலுங்கத்தான் செய்யும்.”

“குலுங்கல. உங்க ஆளுங்க பல்லக்கைத் தூக்கிப் பிடிச்சாங்க. நனையக் கூடாதுன்னு.”

பல்லக்குத் தூக்கிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊர்க்கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சேந்தன் தான் வரைந்த படத்தை எடுத்து, அதிகாரி கண்முன்னாலேயே முத்திரையை அழுத்தினார்.

அதிகாரி அந்தப் படத்தைப் பிடுங்கித் துண்டு துண்டாகக் கிழித்தார். சுட்ட மண் முத்திரையைத் தரையில் போட்டு மிதித்தார். இங்கே ஆறு இருந்தது என்று இனி எவன் சொன்னாலும் அவனுக்கு நாக்கு இருக்காது என்றார்.

சேந்தன் குனிந்து துண்டுகளைப் பொறுக்கினார். அவருக்கு அழுகை முட்டியது.

“முத்திரை போச்சு, படமும் போச்சு. இனி எதை வெச்சும்மா நிரூபிக்கிறது?”

அம்மை அதிகாரியைக் கடந்து பள்ளத்தில் இறங்கினார். குச்சி நட்டிருந்த இடத்தில் நின்றார். புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தார். ஊர்க்கூட்டமும் ஒவ்வொருவராகத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் இறங்கியது.

பாதி வழியில் அம்மை திரும்பிப் பார்த்தார்.

“பார்த்து வாங்க, சேந்தரே. நடுவுல ஆழம்.”