வெடி வெடிக்காத ஊர்

"பனி தேசத்துல இருந்து கிளம்புற வாத்து நம்ம கண்மாய்க்கு வழி தப்பாம வருது. திருப்பூர்ல இருக்கிற என் மகளுக்கு வழி தெரியலையே, அம்மா!"

சேவுகனுக்கு அறுபத்திரண்டு வயது. அவர் குருவாக வரித்துக்கொண்ட தையல்நாயகி அம்மாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. கண்மாய்க்கரை மடத்தில் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"நீங்க கூப்பிட்டீங்களா?"

"நாலு வருஷமா கூப்பிடுறேன். எந்த பஸ்ல ஏறணும், எங்க இறங்கணும், அத்தனையும் எழுதி அனுப்பியாச்சு. பேத்தி பிறந்து நடக்கவே ஆரம்பிச்சிட்டாளாம். நான் இன்னும் முகம் பார்க்கல."

குரல் தழுதழுத்தது. தழுதழுத்தாலும் சத்தம் குறையவில்லை. சேவுகனின் தொண்டை அப்படி. வீட்டில் அவர் தண்ணீர் கேட்டால் அடுத்த தெருவில் சொம்பைத் தேடுவார்கள்.

"கடைசியா எப்ப வந்தா?"

"ஒரு தீபாவளிக்கு. சொல்லாம கொள்ளாம கல்யாணம் பண்ணிக்கிட்டு, அந்தப் பையனோட வந்து நின்னா. நாலு வார்த்தை கேட்டேன். பெத்தவன் கேக்கக் கூடாதா? இலையில போட்ட சோத்தை அப்படியே விட்டுட்டுப் போயிட்டா."

அம்மா கீரையைக் கீழே வைத்தார். எழுந்து உள்ளே போனார். வெளியூர் பக்தர் யாரோ விவரம் தெரியாமல் கொடுத்துவிட்டுப் போன சரவெடியைக் கொண்டுவந்து சேவுகன் கையில் வைத்தார். கூடவே தீப்பெட்டியையும்.

"கரையில போய்க் கொளுத்திட்டு வாங்க. அப்புறம் பேசலாம்."

சேவுகன் பதறிப்போனார்.

"ஐயையோ! என்னம்மா சொல்றீங்க? எங்க பாட்டன் காலத்துல இருந்து இந்த ஊர்ல தீபாவளிக்குக்கூட ஒரு வெடி வெடிச்சதில்ல. இதைக் கொளுத்தினா ஒரு பறவை மிஞ்சாது. அடுத்த வருஷமும் எட்டிப் பாக்காது!"

"ஏன், வழி மறந்துடுமா?"

சேவுகன் சரவெடியைக் கீழே வைத்தார்.

கண்மாயைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மடத்து வாசலிலேயே உட்கார்ந்து மகளுக்குப் போன் போட்டார்.

"அழகுமீனா... அப்பா பேசுறேன் தாயி. அன்னைக்கு நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. மாப்பிள்ளைகிட்டயும் சொல்லு."

அவர் இவ்வளவு மெதுவாகப் பேசி அந்த ஊர் கேட்டதே இல்லை.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"தீபாவளிக்கு வர்றோம்ப்பா. மூணு பேரும்."

சேவுகன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வாங்க, வாங்க! மதுரையில இறங்குனதும் இடதுபக்கமா போய்..."

"அப்பா," என்று சிரித்தாள் மகள். "எனக்கு வழி தெரியும்."