பெயிண்ட் பொட்டு

பல் டாக்டர் நாச்சிமுத்துவுக்கு வயது ஐம்பத்தொன்பது. கார் பந்தயத்தில் அவருக்கு ஒரு குரு உண்டு. குருவின் பெயர் ஜெஸிந்தா, வயது முப்பத்தாறு. சிங்காநல்லூரில் பந்தயக் கார்களுக்கென்று பட்டறை வைத்திருந்தார். டாக்டர் அவரை அம்மணி என்பார், அவர் டாக்டரை அண்ணா என்பார். இதில் யார் குரு, யார் சீடர் என்பது புதிதாக வருகிறவர்களுக்குச் சட்டென்று பிடிபடாது.

டாக்டரிடம் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருந்தது. இரண்டு கதவு, இரண்டு சீட், குருவைவிட இரண்டு வயது மூத்தது. நான்கு பேர் கைமாறி ஐந்தாவதாக இவரிடம் வந்து சேர்ந்த வண்டி.

இன்னும் பதினொரு நாளில் மலையேற்றப் போட்டி. அடிவாரத்திலிருந்து உச்சி வரை ஒவ்வொரு வண்டியாக விடுவார்கள். அறுபது வயதாகிவிட்டால் போட்டி நடத்தும் கிளப்பில் அனுமதி கிடையாது. போன வருடம் மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் வண்டியின் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு வெளியே போனது. டாக்டருக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது. ஓரமாக நிறுத்தி மூச்சு வாங்கிவிட்டு, வந்த வழியே இறங்கி வந்துவிட்டார். இந்த ஒரு தடவையாவது உச்சியைப் பார்த்துவிட வேண்டும், பார்த்த பிறகு வண்டியை யாருக்காவது கொடுத்துவிடலாம். அவருக்கு இருந்தது இந்த ஒரே ஆசைதான், அது அவரைத் தூங்கவிடவில்லை.

வண்டியைத் தேற்ற வேண்டும், சரி. எங்கிருந்து தேற்றுவது?

கிளப் செயலாளர் என்ஜின்தான் என்றார். டயர் கடைக்காரர் டயர் என்றார், அவர் வேறு என்ன சொல்வார். மச்சான் எடையைக் குறைக்கச் சொன்னார், அதைக் கேட்டுவிட்டு டாக்டர் தன் தொப்பையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். யூடியூபில் ஒருவர் முதலில் பிரேக்கைக் கவனி என்று நாற்பது நிமிடம் பேசினார். இன்னொருவர் கடைசியில்தான் பிரேக் என்று ஒரு மணி நேரம் பேசினார். இரண்டுமே டாக்டருக்கு நியாயமாகப் பட்டது, அதுதான் வினை. போன வாரம் மேல்பல் வலியோடு வந்தவருக்குக் கீழ்த்தாடையில் ஊசி போடப் போனார், நர்ஸ்தான் கையைப் பிடித்துத் தடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, குறிப்பெழுதிய நோட்டோடு பட்டறைக்கு வந்து நின்றார்.

"எங்கிருந்து ஆரம்பிக்கிறதுங்க அம்மணி?"

ஜெஸிந்தா நோட்டை வாங்கவில்லை. காரை லிஃப்டில் ஏற்றித் தூக்கிவிட்டார். ஒரு டார்ச்சையும் பழந்துணியையும் டாக்டர் கையில் கொடுத்தார்.

"அடியில போய்ப் பாருங்ண்ணா. நட்டு மேல எத்தனை கலர்ல பொட்டு இருக்குதுன்னு எண்ணீட்டு வாங்க."

இது பட்டறைகளில் உள்ள வழக்கம்தான். ஒரு நட்டை முறுக்கி, சரியாக இறுகிவிட்டது என்று பார்த்த பிறகு அதன்மேல் ஒரு சொட்டு பெயிண்ட் வைப்பார்கள். பொட்டு இருந்தால் அந்த இடத்தில் வேலை முடிந்தது என்று அர்த்தம். பட்டறைக்குப் பட்டறை கலர் மாறும்.

கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று. என்ஜினா டயரா என்று கேட்டால் பொட்டை எண்ணச் சொல்கிறாரே என்று குழம்பிக்கொண்டே டாக்டர் அடியில் போனார். முப்பத்தெட்டு வருடத்து அழுக்கு. துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. ஒரு மணி நேரம் கழித்து முகமெல்லாம் கரியோடு வெளியே வந்தார்.

"நாலு கலருங்க அம்மணி."

சொல்லச் சொன்னார் ஜெஸிந்தா. டாக்டர் நோட்டைப் பார்த்துப் படித்தார். மஞ்சள் பொட்டு வைத்தவர் முன்பக்கத்துக்கு மட்டும் கனமான ஸ்பிரிங் போட்டிருக்கிறார். பச்சை, முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டு. நீலம், வளைவில் வண்டி சாயாமல் இருக்க ஒரு கம்பி, அதுவும் முன்னால்தான். ஆரஞ்சுப் பொட்டுக்காரர் என்ஜினிலிருந்து அகலமான சைலன்சர் குழாய் இழுத்து வந்து, பாதியில் பழைய ஒல்லிக் குழாயோடு ஒட்டவைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

படிக்கப் படிக்க டாக்டருக்குக் கோபம் வந்தது. கிளினிக்கிலும் அவர் அப்படித்தான். வேறு எங்கோ பாதி சிகிச்சை செய்துகொண்டு மீதிப் பல்லோடு வருகிறவர்களைத் திட்டாமல் நாற்காலியில் உட்கார வைத்ததில்லை.

"இதுக்கு முன்னால வெச்சிருந்த நாலு பேரும் சரியான அரைகுறைங்க. ஒருத்தர் கூட உருப்படியா ஒரு வேலையை முடிக்கலை."

"பின்பக்கம் என்ன இருக்குதுங்ண்ணா?"

"ஒண்ணுமே இல்லீங்க. வண்டி பொறந்தப்ப போட்டதுதான் எல்லாம், ஷாக் ரெண்டும் ஓய்ஞ்சு போச்சு."

சொன்ன பிறகுதான் மூன்றாவது வளைவு அவர் நினைவுக்கு வந்தது. முன்பக்கம் கல்லு மாதிரி நிற்க, பின்பக்கம் மட்டும் தன் போக்கில் போனதே, அந்த நிமிடம். ஆனால் தெளிவு வரவில்லை, குழப்பம்தான் இன்னும் கூடியது. முன்பு கையில் ஒரு கேள்வி இருந்தது, இப்போது கூடவே நாலு பேருடைய மிச்ச வேலையும் இருந்தது. நாட்களோ பதினொன்று.

"அப்படின்னா ஸ்பிரிங்ல ஆரம்பிக்கிறதுங்களா, ஷாக்லயா? இல்லை, இதையெல்லாம் கழட்டிப் போட்டுட்டு நேரா என்ஜினுக்கே போயிறலாமா?"

ஜெஸிந்தா டார்ச்சை வாங்கிக்கொண்டு தானே அடியில் போனார். அதிக நேரம் ஆகவில்லை.

"ஒரு கலரை விட்டுட்டீங்க. வெள்ளை."

டாக்டர் துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார்.

அந்த வெள்ளை பெயிண்டே அல்ல. கிளினிக் மேசையில் இருந்த ஒயிட்னர். மூன்று வாரத்துக்கு முன்னால், பிரேக்தான் முதலில் என்ற நாற்பது நிமிடப் பேச்சைக் கேட்டுவிட்டு, பிரேக் ஆயில் போகும், கம்பி வலை சுற்றிய புது ஹோஸ் நான்கு வாங்கி வந்தார். முன்சக்கரம் இரண்டுக்கும் தன் கையாலேயே மாட்டினார். சொல்லிக்கொடுத்த குருவே மெச்சும்படி முறுக்கி, நர்ஸிடம் ஒயிட்னர் வாங்கிப் பொட்டும் வைத்தார். மறுநாள் சாயங்காலம், கடைசியில்தான் பிரேக் என்ற அந்த ஒரு மணி நேரப் பேச்சு கண்ணில் பட்டது.

"அது நான் வெச்சதுங்க அம்மணி."

"தெரியும். நல்லாத்தான் முறுக்கியிருக்கீங்க. பின்சக்கரத்து ஹோஸ் ரெண்டும்?"

"டிக்கியில இருக்குதுங்க. டப்பா பிரிக்கலை."

லிஃப்டில் நின்ற வண்டியிலிருந்து டாக்டர் துடைத்துவிட்ட மண் இன்னும் பொலபொலவென்று விழுந்துகொண்டிருந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, பயமாகவும் இருந்தது. மிச்ச வேலையை முடிக்கவே பதினொரு நாளும் போய்விட்டால், கூடுதல் வேகத்துக்கு என்ன செய்வது? எதுவும் ஏற்றாத அதே பழைய என்ஜினோடு அடிவாரத்தில் போய் நிற்பதா? இது கடைசி வருடம். அடக்க முடியாமல் கேட்டே விட்டார்.

"கோவிச்சுக்காதீங்க. எனக்கு இன்னும் புரியலை. எங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது?"

ஜெஸிந்தா லிஃப்டை இறக்கினார். வண்டி தரையில் உட்காரும் வரை காத்திருந்தார்.

"அடுத்த மாசம் ஆறாவதா ஒருத்தர் இந்த வண்டியை உங்ககிட்ட இருந்து வாங்குவாரு. வாங்கின கையோட இங்கதான் வந்து, எங்கிருந்து ஆரம்பிக்கிறதுன்னு என்னைக் கேப்பாரு. நானும் டார்ச்சைக் கொடுத்து அடியில அனுப்புவேன். அவர் வெளிய வந்து, அஞ்சு பேரும் அரைகுறைன்னு சொன்னா, நான் என்னங்ண்ணா சொல்லட்டும்?"

டாக்டர் நோட்டை மூடி பெஞ்சின் மேல் வைத்துவிட்டு, டிக்கியைத் திறக்கப் போனார்.